வாசல் திறந்திருக்கு, அடுப்படி பூட்டியிருக்கு

"ஏற்கனவே ஒண்ணு இருக்கே, அப்புறம் எதுக்குடா முதல்லேருந்து எழுதணும்? அரைச்ச மாவையே அரைக்கவா காலேஜுக்கு வர்ற?"

பொட்டி தட்டுற பையன் எவனாவது ஒரு எடிட்டர் நீட்சியைப் புதுசா எழுதப் போறேன்னு வாயைத் திறந்தா போதும், இந்தக் கேள்வி பறந்து வரும். கேட்கிறவர் டிபார்ட்மெண்ட் வாத்தியாரா இருக்கலாம், சென்னையில ஆணி புடுங்கிக்கிட்டு பொங்கலுக்கு பரமக்குடி வந்து இறங்குற சீனியரா இருக்கலாம், பக்கத்து பெஞ்ச் தோழனாவும் இருக்கலாம். மேலோட்டமா பார்த்தா ரொம்ப நியாயமான கேள்வி. கொஞ்சம் சுரண்டிப் பார்த்தா, இதைவிடச் சோம்பேறித்தனமான கேள்வி கிடையாது.

எடிட்டர், நீட்சின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நிரல் எழுத நோட்பேடே போதும். ஆனா தப்பான இடத்துல சிவப்புக் கோடு போட, பாதி எழுதும்போதே மீதியை எடுத்துக் கொடுக்க, ஓடுற நிரலை நடுவில நிறுத்தி உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க, கூட ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் நீட்சி. பைத்தானுக்கு ஒண்ணு, சி-க்கு ஒண்ணு, சி ஷார்ப்புக்கு ஒண்ணு. நீட்சி இல்லாத எடிட்டர் உப்பில்லாத கஞ்சி. குடிக்கலாம், ஆனா யாரும் குடிக்க மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

மைக்ரோசாஃப்ட் 2015 ஏப்ரல்ல விஎஸ் கோட்னு ஒரு எடிட்டரை அறிவிச்சது. அதே வருஷம் நவம்பர்ல அதோட மூல நிரலை எம்ஐடி உரிமத்துல திறந்து விட்டது. ஊரே கை தட்டுச்சு. லினக்ஸைப் புற்றுநோய்னு திட்டின கம்பெனியா இதுன்னு ஆச்சரியம் வேற. எடிட்டர் நல்ல எடிட்டர்தான், அதில் சண்டை இல்லை. இன்னிக்கு ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் எந்தப் பையனோட லேப்டாப்பைத் திறந்தாலும் அந்த நீல ஐகான் இருக்கும். "ஓப்பன் சோர்ஸ்பா, இலவசம்" அப்படிம்பான்.

அங்கதான் முதல் கோளாறு. அவன் தரவிறக்கின கோப்பு எம்ஐடி உரிமத்துல வரலை. திறந்த மூலத்தை எடுத்து, மைக்ரோசாஃப்ட் தன் சொந்தச் சமாச்சாரங்களைச் சேர்த்து, தன் சொந்த உரிமத்துல கட்டிக் கொடுக்கிற கோப்பு அது. உளவுத் தகவல் அனுப்புற வசதியும் அதுக்குள்ளயே இருக்கு. மூலத்தை மட்டும் எடுத்து அப்படியே கட்டினா கிடைக்கிறது விஎஸ்கோடியம்னு வேற ஒரு பேர்ல இருக்கு. அதை நிறுவினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

ரெண்டாவது கோளாறுதான் பெரிசு. எடிட்டர் திறந்திருக்கு, சரி. சமையல் நடக்கிற இடம் எது? நீட்சி. அந்த நீட்சிகளை வாங்குற சந்தையோட விதியை எத்தனை பேர் படிச்சிருக்காங்க? அந்தச் சந்தையில கிடைக்கிற நீட்சிகளை மைக்ரோசாஃப்ட்டோட விஷுவல் ஸ்டுடியோ குடும்பத்து மென்பொருள்கள்ல மட்டும்தான் பயன்படுத்தலாம்னு அதில் எழுதியிருக்கு. திறந்த மூலத்தை எடுத்து நீங்களே ஒரு எடிட்டர் கட்டிக்கலாம், தடையே இல்லை. ஆனா அந்தச் சந்தைக்குள்ள காலை வைக்கக் கூடாது. வாசல்ல கோலம் போட்டு, கதவைத் திறந்து வச்சு, "வாங்க வாங்க"ன்னு கூப்பிட்டுட்டு அடுப்படிக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

பைத்தான் கதையைப் பாருங்க. விஎஸ் கோடுக்கான பைத்தான் நீட்சியை முதல்ல எழுதினது மைக்ரோசாஃப்ட் இல்லை. டான் ஜெயமன்னேங்கிற ஒரு தனி மனுஷன், தன் சொந்த முயற்சியா, திறமூலமா எழுதினது. லட்சக்கணக்கான பேர் பயன்படுத்த ஆரம்பிச்சதும் 2017-ல அவரையும் வேலைக்கு எடுத்து, நீட்சியையும் மைக்ரோசாஃப்ட் தன் பொறுப்புல எடுத்துக்கிட்டது. அதுவரைக்கும் எல்லாம் சுபம். நீட்சிக்கு மூளையா ஒரு மொழிச் சேவையகம் வேணும்ல? அதையும் முதல்ல திறமூலமாத்தான் விட்டாங்க. 2020 ஜூன்ல பைலான்ஸ்னு புதுசா ஒண்ணு வந்துச்சு. வேகம் அதிகம், வசதி அதிகம், மூலம் மட்டும் மூடியது. பழைய திறந்த சேவையகத்துக்குக் கொஞ்ச நாள்ல ஆதரவு நின்னு போச்சு. பைலான்ஸுக்குள்ள இருக்கிற பைரைட் என்கிற பகுதி மட்டும் இன்னும் திறந்திருக்கு. அதுக்கு மேல பூசின சாந்து பூட்டுக்குள்ள.

சி ஷார்ப்புலயும் இதே கதைதான். ஆம்னிஷார்ப்னு ஆர்வலர்கள் வளர்த்த திறமூலம் இருந்துச்சு. 2023-ல சி ஷார்ப் டெவ் கிட் வந்துச்சு, மூடிய மூலம். தனி ஆளுக்கும் மாணவனுக்கும் சின்னக் கம்பெனிக்கும் இலவசம். பெரிய கம்பெனின்னா விஷுவல் ஸ்டுடியோ சந்தா கட்டணும்.

2025 ஏப்ரல்ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. மைக்ரோசாஃப்ட்டோட சி, சி பிளஸ் பிளஸ் நீட்சி, தான் எந்த எடிட்டருக்குள்ள ஓடுதுன்னு சோதிச்சுப் பார்த்து, விஎஸ் கோட் இல்லைன்னா ஓட மறுக்க ஆரம்பிச்சது. விஎஸ்கோடியத்துல ஓடலை, கர்சர்ல ஓடலை. விதி முன்னாடியே இருந்துச்சு, இப்பத்தான் அமல்படுத்துறோம், அவ்வளவுதானேன்னு வக்காலத்து வாங்கவும் ஆள் இருந்தாங்க. விதி இருந்துச்சு, உண்மைதான். வருஷக்கணக்கா அதைத் தூங்க விட்டு, எல்லாரும் பழகினப்புறம் எழுப்புறதுக்கு என்ன பேர்? வணிகவியல் முதல் வருஷப் புத்தகத்தைப் புரட்டினா இதுக்குப் பேர் இருக்கும். சந்தையைப் பிடிக்கிற வரைக்கும் விலை இல்லை, பிடிச்சப்புறம் விலை வைக்கிறவன் ஒருத்தன்தான்.

மைக்ரோசாஃப்ட்டை மட்டும் வில்லனாக்குறது இங்க நோக்கம் இல்லை. அவங்க வியாபாரம் பண்றாங்க, பண்ணட்டும். 2025 ஜூன் கடைசியில கோபைலட் சாட் நீட்சியோட மூலத்தைத் திறந்து விட்டதும் அதே கம்பெனிதான். வியாபாரத்துக்கு லாபம்னா திறப்பாங்க, லாபம்னா மூடுவாங்க. திறக்கிறதும் மூடுறதும் அவங்க கையில இருக்கும்போது, அதை "நம்ம ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்"னு மார்தட்டிக்கிறவனைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு.

இப்ப அந்தக் கேள்விக்குத் திரும்பலாம். ஏற்கனவே ஒண்ணு இருக்கே, எதுக்கு எழுதணும்?

சரிய்யா, இருக்கு. யார்கிட்ட இருக்கு? எத்தனை நாளைக்கு இருக்கும்? வாடகை வீட்டுல குடியிருக்கிறவன் மனைக்கட்டு வாங்கி வாசக்கால் வைக்கும்போது, "ஏற்கனவே வீடு இருக்கே"ன்னு யாராவது கேட்பாங்களா? மென்பொருளுக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்? வாடகை சைபரா இருக்கிறதால. சைபர் வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்ல முடியும்கிறது யாருக்கும் உறைக்கிறதில்லை.

நடந்த உதாரணம் வேணுமா? ஜெட்பிரெய்ன்ஸ்னு செக் நாட்டுக் கம்பெனி. ரைடர்ங்கிற தன் எடிட்டர்ல, டாட்நெட் கோர் நிரலைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட்டோட டீபக்கரைப் பயன்படுத்திப் பார்த்தது. 2017-ல உரிமப் பிரச்சனை கிளம்புச்சு. அந்த டீபக்கர் மைக்ரோசாஃப்ட்டோட எடிட்டர்களுக்கு மட்டும்தான். வசதியைத் தூக்கிட்டு, தங்களுக்குன்னு ஒண்ணை எழுதிக்கிட்டாங்க. சாம்சங்கும் அதே வேலைக்கு நெட்கோர்டிபிஜின்னு ஒண்ணை எழுதி எம்ஐடி உரிமத்துல வெளியிட்டது. ஜெட்பிரெய்ன்ஸும் சாம்சங்கும் அரைச்ச மாவை அரைக்கிற முட்டாள்களா? அடுப்படி பூட்டியிருந்துச்சு, தங்களுக்குன்னு ஒரு அடுப்பு மூட்டிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

அடுத்ததா எதிர்த் தரப்புல ஒரு பெரிய பீரங்கி இருக்கு. ஜோயல் ஸ்போல்ஸ்கி. மைக்ரோசாஃப்ட்ல எக்ஸெல் பக்கம் வேலை பார்த்தவர். 2000 ஏப்ரல்ல ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மென்பொருள் கம்பெனி செய்யவே கூடாத காரியம் எதுன்னா, ஓடுற நிரலைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து எழுதுறதுதான் என்பது அவர் வாதம். பழைய நிரல் அசிங்கமா தெரியும், ஆனா அந்த ஒவ்வொரு அசிங்கத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து சரி செஞ்ச ஒரு பிழை இருக்கும், நிரல் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது அப்படிங்கிறார். நெட்ஸ்கேப்தான் அவரோட சாட்சி. நாலாம் பதிப்புக்கப்புறம் முதல்லேருந்து எழுத உட்கார்ந்து, அஞ்சாம் பதிப்பு வராமலே போய், ஆறு வெளிவரும்போது சந்தையை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சாப்பிட்டு முடிச்சிருந்துச்சு.

நல்ல வாதம். இதை லேசா ஒதுக்க முடியாது. ஆனா அதை வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிக்கிறவங்க ஒரு தடவை மண்டபம் பக்கம் வந்து பாம்பனைப் பார்த்துட்டுப் போகணும்.

1914-ல திறந்த ரயில் பாலம். ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம். 1964 டிசம்பர் 22, 23 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, ரயில் ஒண்ணு பயணிகளோட கடலுக்குள்ள போச்சு, பாலத்தோட கர்டர்கள்ல பெரும்பாலானதும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. சரி செய்ய ஆறு மாசம்னு ரயில்வே கணக்குப் போட்டது. இளம் எஞ்சினியரா இருந்த இ.ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல வேலை முடிஞ்சது. எப்படி? தூண்கள் நின்னுச்சு. கடலுக்குள்ள கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி எடுத்து, திரும்ப மாட்டினாங்க. ஸ்போல்ஸ்கி கேட்டிருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பார். இருக்கிறதைச் சரி பண்ணு, புதுசாக் கட்டாதே.

அதே பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் ஓட்டத்தை நிறுத்திட்டாங்க. உப்புக் காத்து நூறு வருஷமாத் தின்ன இரும்பு. தூக்குப் பாலப் பகுதியை ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினது போதும்னு, பக்கத்துலயே புதுசா ஒண்ணைக் கட்டி 2025 ஏப்ரல் 6-ல திறந்தாங்க. 72.5 மீட்டர் நீளத் தட்டு, லிஃப்ட் மாதிரி நேரா மேல ஏறும். தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதையை மட்டும் அப்பவும் சரி பண்ணலை, இப்பவும் புதுசாப் போடலை.

ஒரே கடல், ஒரே ஊர். ஒரு தடவை பழுது பார்த்தது சரி, ஒரு தடவை புதுசாக் கட்டினது சரி. "முதல்லேருந்து எழுதாதே"ன்னு ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிறவனுக்கு இந்த ரெண்டும் எப்படி ஒண்ணாச் சரியாகும்னு புரியாது. 1964-ல பழுது பார்க்க முடிஞ்சதுக்குக் காரணம், தூணும் கர்டரும் ரயில்வேயோட சொத்து. தொட உரிமை இருந்துச்சு. தூண் இன்னொருத்தன் சொத்து, வரைபடம் அவன் பெட்டிக்குள்ள, நீ கை வைக்கக் கூடாதுன்னு உரிமம் சொல்லுதுன்னு வச்சுக்குங்க. 46 நாள் இல்லை, 46 வருஷம் ஆனாலும் ஸ்ரீதரனால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஸ்போல்ஸ்கி பேசுறது, தன் நிரலைத் தானே குப்பையில போடுற கம்பெனியைப் பத்தி. மூடிய நீட்சிக்கு மாற்றா திறந்த நீட்சி எழுதுறவன் எதையும் குப்பையில போடலை. போட அவன் கையில எதுவும் இல்லை.

இன்னொண்ணு. நிரல் துருப்பிடிக்காது, சரி. அது நிக்கிற தரையை உருவிட்டா? கிட்ஹப் 2014-ல ஆட்டம்னு ஒரு எடிட்டர் கொண்டு வந்துச்சு. விஎஸ் கோடுக்கு முன்னாடி பசங்க கொண்டாடினது அதைத்தான். 2018-ல கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்குச்சு. 2022 டிசம்பர் 15-ல ஆட்டத்துக்கு மூடுவிழா. அதுக்காக எழுதின ஆயிரக்கணக்கான நீட்சிகள்ல ஒரு வரி கூட துருப்பிடிக்கலை. ஆனாலும் அனாதையாச்சு. ஆட்டம் திறமூலமா இருந்த ஒரே காரணத்தால பல்சர்னு வேற பேர்ல சிலர் எடுத்து வளர்க்கிறாங்க. ஆட்டத்தைக் கட்டின ஆளுங்களே அதை விட்டுட்டு, ரஸ்ட் மொழியில முதல்லேருந்து ஸெட்னு வேற ஒண்ணை எழுதி 2024 ஜனவரியில மூலத்தையும் திறந்தாங்க. அவங்ககிட்டயும் போய் அரைச்ச மாவுன்னு சொல்லிப் பாருங்களேன் :-)

தமிழுக்கு இது புதுசும் இல்லை. எ-கலப்பையை மறந்துட்டீங்களா? ரெண்டாயிரத்துகள்ல தமிழ்ல வலைப்பதிவு எழுத வந்தவங்கள்ல பாதிப் பேர் அதைப் பிடிச்சுத்தான் உழுதாங்க. அஞ்சல் வேணுமா அஞ்சல், தமிழ்99 வேணுமா தமிழ்99. முகுந்தும் தமிழா குழுவினரும் இலவசமாக் கொடுத்தது. ஆனா உள்ளே ஓடின எஞ்சின் அவங்களோடது இல்லை. டவுல்டேசாஃப்ட் கம்பெனியோட கீமேன். அப்போ அது மூடிய மூலம். தமிழ் எழுத்துகளோட பட்டியலை நீங்க மாத்தலாம், எஞ்சினைத் தொட முடியாது. அதில் ஒரு பிழைன்னா கம்பெனி பார்த்துச் சரி செய்யுற வரைக்கும் காத்திருக்கணும். கடைசியில 3.0 பதிப்புல கீமேனை விட்டு இறங்கி, எஞ்சினையும் புதுசா எழுதி, ஜிபிஎல் உரிமத்துல மூலத்தோட வெளியிட்டாங்க. "கீமேன்தான் நல்லா ஓடுதே"ன்னு அன்னிக்கும் கேட்டிருக்கலாம்.

பின்னால 2015-ல டவுல்டேசாஃப்டை எஸ்ஐஎல் அமைப்பு வாங்கி, கீமேனும் திறமூலமாச்சு. பார்த்தியா, பொறுத்திருந்தா இதுவே கிடைச்சிருக்குமேன்னு இப்ப சொல்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இடைப்பட்ட வருஷங்கள்ல தமிழ்ல எழுதின ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, இத்தனை வருஷம் பொறுத்திருங்கன்னு சொல்லிட்டு வாங்க.

ஃபயர்பாக்ஸ் சமாச்சாரம் இன்னும் கசப்பு. தமிழ்ல தட்டச்ச 'தமிழ்விசை', பழைய குறியாக்கத்துல இருந்த பக்கங்களை யூனிகோடுக்கு மாத்திக் காட்ட 'பத்மா'ன்னு நீட்சிகள் இருந்த காலம் ஒண்ணு உண்டு. 2017 நவம்பர்ல ஃபயர்பாக்ஸ் 57 வந்தப்போ பழைய வகை நீட்சிகள் எல்லாத்துக்கும் கதவைச் சாத்திட்டாங்க. புது முறையில திரும்ப எழுதினவன் பிழைச்சான், மத்தது எல்லாம் பழைய இரும்பு. கவனிங்க, ஃபயர்பாக்ஸ் முழுக்கத் திறந்த மூலம். ஸ்போல்ஸ்கி திட்டின அந்த நெட்ஸ்கேப் மறு எழுத்தோட பேரப்பிள்ளை. அங்கேயே இந்த நிலைமைன்னா பூட்டின வீட்டைப் பத்திச் சொல்லவே வேணாம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மூலம் கையில இருந்த நீட்சியைத் திரும்ப எழுத நினைச்சவனுக்குப் பழசைப் படிச்சுப் பார்க்கிற வழி இருந்துச்சு.

இதில் தமிழனுக்குத் தனியா ஒரு காரணம் இருக்கு, இதைத்தான் யாரும் பேசறதில்லை. பைத்தான்ல ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க \w+ அப்படின்னு ஒரு தேடல் முறை உண்டு. அதைத் "தமிழ்"ங்கிற சொல்லுக்குக் கொடுத்துப் பாருங்க. "தம"ன்னு ஒரு துண்டு, "ழ"ன்னு ஒரு துண்டு வரும். இகரக் குறியும் புள்ளியும் எழுத்து இல்லை, ஒட்டுக்குறிதான்னு யூனிகோட் வகைப்படுத்தி வச்சிருக்கு. பைத்தானோட அந்தத் தேடல் முறை ஒட்டுக்குறியைச் சொல்லில் சேர்க்காது. ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம், அங்க \w-க்கு ஆங்கில எழுத்தைத் தவிர எதுவுமே எழுத்து இல்லை. ஒரு நீட்சியை எழுதுறவர் அந்த முறையை அப்படியே போட்டிருந்தா, தமிழ்ச் சொல் எல்லாம் துண்டு துண்டாகும். ரெட்மண்ட்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு இது கண்ணிலயே படாது. குறை சொல்லவும் முடியாது, அவர் வாழ்க்கையில ஒரு கொம்பு, ஒரு புள்ளியைப் பார்த்திருக்க மாட்டார். மூலம் திறந்திருந்தா ராம்நாட்ல ஒரு பையன் அரை மணி நேரத்துல திருத்திடுவான். பூட்டியிருந்தா? புகார் எழுதிப் போட்டுட்டு, நூத்துக்கணக்கான புகார்களுக்கு நடுவில நம்மது எப்போ மேல வரும்னு பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

முத்தையா அண்ணாமலை எழிலை உருவாக்கினார். "பதிப்பி"ன்னு தமிழ்ல கட்டளை கொடுத்தா வேலை செய்யுற நிரல்மொழி. அதுக்கு ஒரு நீட்சி வேணும்னா எந்தக் கம்பெனி வந்து எழுதும்? சந்தை எவ்வளவு, வருமானம் எவ்வளவுன்னு கேட்டா ரெண்டு கட்டத்துலயும் சைபர். அந்தக் கணக்கு அவங்களுக்குச் சரி. தமிழ்ல நிரல் கத்துக்கிற எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு அந்தக் கணக்கு எதுக்கு?

ராமேஸ்வரத்துக்காரங்களுக்கு இதையெல்லாம் சொல்லவே தேவையில்லாம இருந்திருக்கணும். அப்துல் கலாம் ஜனாதிபதியா இருந்தப்போ, 2002 நவம்பர்ல பில் கேட்ஸ் வந்து பார்த்தார். அடுத்த வருஷம் மே மாசம் புனேயில ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவன விழாவுல கலாம் பேசினப்போ, அந்தச் சந்திப்புல மென்பொருள் பாதுகாப்பு பத்திப் பேச்சு வந்ததையும், தனக்கும் கேட்ஸுக்கும் கருத்து ஒத்துப் போகலைங்கிறதையும் வெளிப்படையாச் சொன்னார். இந்தியா மாதிரி நாட்டுக்குத் திறமூலம்தான் வழி, இன்னும் மூடிய மென்பொருளையே நம்பிக்கிட்டு இருக்கிறது வருத்தமான விஷயம்னு பேசினார். ஒரு குடியரசுத் தலைவர், உலகத்துலயே பெரிய பணக்காரர்கிட்ட பேசினதுக்கு அப்புறம்!

அவரோட "கனவு காணுங்கள்" ஒவ்வொரு பள்ளிச் சுவத்துலயும் இருக்கு. பேய்க்கரும்பு நினைவிடத்துல கூட்டம் குறையுறதே இல்லை. அக்டோபர் 15 வந்தா வினாடி வினா, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி. புனேப் பேச்சு மட்டும் எந்தப் போட்டியிலயும் கேள்வியா வர்ற மாதிரி தெரியலை. பிளக்ஸ்ல போடத் தோதான வாசகம் அதில் இல்லை போல. அவங்க அப்பா, யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏத்திக்கிட்டுப் போக மரத்தை இழைச்சுத் தானே படகு கட்டினவர். அதைப் புயல் கொண்டு போச்சு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்தப் படகுக்கும் வாடகைப் படகுக்கும் வித்தியாசம் தெரிஞ்சதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

அரசாங்கமும் ஒரு காலத்துல முயற்சி செஞ்சுச்சு. சி.உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாத்தினார். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தாங்க. என்ன ஆச்சு? வாங்கின அன்னிக்கே கடைக்கு எடுத்துக்கிட்டுப் போய் "லினக்ஸைத் தூக்கிடுங்கண்ணே, படம் பார்க்க இடம் பத்தலை" அப்படின்னவங்கதான் அதிகம். லினக்ஸ் கெட்டதுனால இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

திட்டுறதுன்னு ஆரம்பிச்சப்புறம் ஒரு பக்கம் மட்டும் திட்டினா நல்லா இருக்காது. திறமூலக்காரங்க மேலயும் தப்பு இருக்கு. மூலம் திறந்து கிடக்கிற, நல்லா ஓடுற நீட்சியை விட்டுட்டு, "அவன் எழுதினது எனக்குப் பிடிக்கலை"ன்னு முதல்லேருந்து ஆரம்பிக்கிறது ஒரு வியாதி. மூணு மாசம் ஆர்வமா எழுதுவாங்க, செமஸ்டர் வரும், அப்படியே கிடக்கும். அடுத்த வருஷம் இன்னொருத்தர் வேற பேர்ல அதையே ஆரம்பிப்பார். கிட்ஹப்ல தமிழ்னு தேடிப் பாருங்க, பாதியில நின்ன கட்டடம் எத்தனைன்னு தெரியும். ஸ்போல்ஸ்கியோட சாட்டை இவங்க முதுகுக்குத்தான். பழசுல ஒரு பிழையைத் திருத்தி அனுப்புறதுல பேர் வராது, "உருவாக்கியவர்"னு போட்டுக்க முடியாது, அதான் காரணம். மூலம் இருந்தா பழுது பாரு, இல்லாட்டி மட்டும் புதுசாக் கட்டு. இதுக்கு நடுவில வேற ஞானம் ஒண்ணும் வேணாம்.

"புதுசா"ன்னு சொன்னதும் மலையைப் புரட்டுற வேலைன்னு பயப்படவும் வேண்டியதில்லை. 2016-ல மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடன்வி சேர்ந்து மொழிச் சேவையக நெறிமுறைன்னு ஒண்ணைப் பொதுவுல வச்சாங்க. (இதுக்கு மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம், தப்பில்லை.) அதுக்கு முன்னாடி பத்து மொழி, பத்து எடிட்டர்னா நூறு நீட்சி எழுதணும். இப்ப மொழிக்கு ஒரு சேவையகம் எழுதினா எல்லா எடிட்டரும் அதோட பேசும். எடிட்டர் பக்கத்து நீட்சி சில நூறு வரிதான். எழிலுக்கு ஒரு சேவையகம் எழுதுறது கடைசி வருஷ பிராஜக்டுக்குக் கச்சிதமான அளவு. வருஷா வருஷம் லைப்ரரி மேனேஜ்மெண்ட் சிஸ்டம் செஞ்சு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கிறதுக்கு பதிலா இதைச் செய்யலாம்.

ஏற்கனவே பூட்டை உடைக்காமலே புது அடுப்பு மூட்டினவங்க நிறைய. சி பிளஸ் பிளஸுக்கு எல்எல்விஎம்காரங்களோட கிளாங்டி இருக்கு, டீபக் பண்ண கோட்எல்எல்டிபி இருக்கு. பைரைட்டை எடுத்து, பைலான்ஸ்ல பூட்டி வச்ச வசதிகளை ஒவ்வொண்ணாத் திரும்ப எழுதின பேஸ்டுபைரைட் இருக்கு. தூரத்துக் கணினியில வேலை செய்யுற நீட்சியும் பூட்டித்தான் இருந்துச்சு, அதுக்கும் திறந்த மாற்று ஒண்ணு வந்தாச்சு. இதையெல்லாம் வைக்க எக்லிப்ஸ் அறக்கட்டளை ஓப்பன் விஎஸ்எக்ஸ்னு ஒரு பொதுச் சந்தையை நடத்துது. விஎஸ்கோடியத்தை நிறுவினா அந்தச் சந்தைதான் தானா வரும்.

ஒரு கல்லூரி லேப்ல அறுபது கணினி இருக்குன்னு வச்சுக்குங்க. ஒரு மதியத்துல விஎஸ்கோடியத்தைப் போட்டு, மேல சொன்ன மூணு நீட்சியையும் ஏத்திடலாம். சி ஷார்ப் பாடம் இருக்கிற லேப்ல மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டணும். நெட்கோர்டிபிஜியை எடிட்டரோட இணைக்க வேண்டியது இருக்கும், சில வசதிகள் கிடைக்காது. அந்தக் குறைகளை ஒரு தாள்ல எழுதி லேப் கதவுல ஒட்டி வச்சா, அடுத்த வருஷ பிராஜக்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியிருக்காது.